மான்கடை சம்பந்தி

ரங்கூனில் மான் என்றதும் நாலு காலும் ரெண்டு கொம்பும் நினைவுக்கு வந்தால் நீங்கள் வெளியூர்க்காரர். பர்மியர் கண்ணாடியை 'ஹ்மன்' என்பார்கள், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டு. நம் ஆட்களுக்கு அந்த மூக்குக் காற்றுக்கெல்லாம் ஏது பொறுமை? கப்பலை விட்டு இறங்கிய கையோடு அதை மான் ஆக்கிவிட்டார்கள். ஜன்னலுக்குப் போடுவது மான். முகம் பார்ப்பது மான். சாமி படத்துக்கு முன்னால் இருப்பதும் மான்தான். க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால் கண்ணாடி வெட்டி விற்கும் செல்லக்கண்ணுவுக்கு மான்கடை செல்லக்கண்ணு என்று பேர் வந்தது இப்படித்தான். அவர் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய வழுக்கை தெரியும். அதைத் தவிர அவருக்கு அந்தத் தொழிலில் ஒரு குறையும் இருந்ததில்லை, சொர்ணம்மாள் வாயைத் திறக்கும்வரை.

சொர்ணம்மாளைக் கல்யாணத் தரகுக்காரி என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "ரெண்டு குடும்பத்தச் சேத்து வைக்கிறேன்" என்பாள். சேர்த்து வைத்ததில் பாதி அடித்துக்கொண்டு கிடக்கிறது, அது வேறு கதை. அவள்தான் செல்லக்கண்ணுவின் மகள் பவானிக்கு நியூசிலாந்து மாப்பிள்ளை கொண்டுவந்தாள். பையன் பேர் பாலா, ஆஸ்பத்திரியில் நர்சு வேலை. அவன் அப்பா தங்கமணியின் குடும்பம் அந்தக் காலத்திலேயே ரங்கூனை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போய், அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போனது. தங்கமணிக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும். பர்மிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. சொர்ணம்மாள் அதை யோசிக்கவே இல்லை. யோசிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் போனில் அனுப்பிய பேச்சு இது: "பொண்ணோட அப்பா மான்காரரு. தாத்தா காலத்துலேர்ந்து மான்தான். ஆறடி மானத் தனியாளாத் தூக்குவாரு. ஒரே இழுப்புல ரெண்டா வெட்டுவாரு பாருங்க, ஒரு சொட்டு ரத்தம் வராது. இந்த ஊர்லயே அவர மாதிரி மான் ஆளு கெடையாது."

இதைக் கேட்ட தங்கமணி அங்கே சோபாவிலிருந்து எழுந்து நின்றாராம். காரணம் இருந்தது. மனுஷனுக்கு வேட்டைப் பைத்தியம். அந்த நாட்டில் மான் பெருத்துப்போய்க் காட்டை மேய்ந்து அழிக்கிறதாம். சுடாதே என்று சொல்ல ஆள் கிடையாது, சுட்டால் நல்லது என்று கவர்மெண்டே சொல்லுமாம். ஆனால் வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஒரு நாதி இல்லை. பெண்டாட்டிக்குத் துப்பாக்கியைப் பார்த்தால் அருவருப்பு. மகனோ ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பதே போதும் என்று சொல்லிவிட்டான். சம்பந்தி ஒரு மான்காரர் என்றதும் அவருக்கு ஜாதகம், நட்சத்திரம் எல்லாம் மறந்துவிட்டது.

இங்கே செல்லக்கண்ணுவுக்கும் அவசரம் இருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து, இளவயதுப் பிள்ளை இருக்கிற வீடு எதிலும் நிம்மதி இல்லை. பெண்களை இப்போதைக்குக் கூப்பிடவில்லை என்றார்கள். 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை நம்பி ரங்கூனில் எவனும் கால்படி பால்கூட வாங்கி வைக்க மாட்டான். வார்டு ஆபீசிலிருந்து வந்தவர்கள் பவானியின் பேரையும் வயதையும் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நின்றுபோனது செல்லக்கண்ணுவின் தூக்கம். மகளுக்கும் பாலாவைப் பிடித்திருந்தது. போனில் இருவரும் தமிழும் இங்கிலீஷும் கலந்து என்னத்தையோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கல்யாணம் நடந்தால் பிள்ளை பத்திரமாகப் போய்விடும். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே பயந்தார்.

முதல் தடவை தங்கமணி வீடியோவில் வந்தபோது செல்லக்கண்ணு கடையில் இருந்தார். மனைவி புஷ்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், அவர் ஏதாவது உளறினால் கிள்ளுவதற்காக.

"மூணு தலைமுறையா மான் தொழிலாமே சம்பந்தி?" என்றார் தங்கமணி.

"ஆமாங்க. எங்க தாத்தா தோள்ல தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா வித்தவரு."

"தோள்லயேவா?"

"அப்பல்லாம் சின்னதுதானே வரும். இப்பத்தான் ஆறடி, ஏழடி எல்லாம். முக்காவாசி சைனாவுலேர்ந்து வருது."

தங்கமணி கண்ணை மூடித் திறந்தார். சைனாவிலிருந்து ஏழடி மான் எல்லை தாண்டி நடந்து வருகிற காட்சியை அவர் மனசில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"இதுவரைக்கும் எத்தனை இருக்கும்?"

"அதெல்லாம் கணக்கு வச்சாத் தொழில் பண்ண முடியுமாங்க. அடிபடாம, கீறல் படாம முழுசா வீட்டுக்கு வந்து சேந்தாப் போதும்னு இருக்கும்."

"உண்மையான தொழில்காரன் பேச்சு" என்று தங்கமணி தொடையைத் தட்டினார். "சரி, எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க. இதப் பாருங்க." என்று குனிந்து எதையோ எடுத்துத் திரை முழுக்கக் காட்டினார். அது துப்பாக்கி.

செல்லக்கண்ணுவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெருமுனையில் பட்டாளத்தான் போனை வாங்கி நோண்டிப் பார்க்கிற ஊர் இது. கடையில் பத்துப் பதினைந்து கண்ணாடி, ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கி. ஒரு துப்பாக்கிக்கே பதில் சொல்ல முடியாத ஊரில் ஒரு படையையே கடைக்குள் இறக்கிவிட்டான் புண்ணியவான். அவர் போனை லோஞ்சி மடிப்புக்குள் சொருகிக்கொண்டார். இடுப்பிலிருந்து தங்கமணியின் குரல் தொடர்ந்து வந்தது.

"காட்டுக்குள்ள போற துப்பாக்கி சம்பந்தி. புதரும் மரமும் அடர்த்தி. மான் தூரத்துல எல்லாம் நிக்காது. எழுபது எண்பது கஜத்துல பொசுக்குன்னு முன்னால வந்து நிக்கும். அத நான் சுடணும்."

காட்டில் எவன் கண்ணாடியைக் கொண்டுபோய் நிறுத்தினான், அதை இவர் ஏன் சுடுகிறார் என்று செல்லக்கண்ணு குழம்பினார். பிறகு மெல்ல மெல்ல அவருக்கு வெளிச்சம் வந்தது. அந்த மான் இந்த மான் இல்லை. அவர் வாயைத் திறந்தார்.

"இந்த மாதிரி ஒரு சம்பந்தி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றது இடுப்பு. "இந்தக் கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்னு வச்சுக்கங்க."

புஷ்பா கிள்ளினாள். சதை பிய்ந்து கையோடு வருகிற கிள்ளு. செல்லக்கண்ணு வாயை மூடிக்கொண்டார்.

தங்கமணி கேட்டது துப்பாக்கிக்கு மேல் வைத்துக் குறி பார்க்கிற ஸ்கோப்பைப் பற்றி. மூன்றைத் தேர்ந்து படமும் அனுப்பிவிட்டார். முதலாவது நாலு மடங்கிலிருந்து பதினாறு மடங்கு வரைக்கும் பெருக்கிக் காட்டும், முன்னால் லென்சு சோப்பு டப்பா அகலம். அடுத்தது மூன்றிலிருந்து ஒன்பது, எல்லாரும் வாங்குவது. கடைசி ஒன்றிலிருந்து நாலு, ஒடிசலாக ஒரு குழாய். கடைக்காரன் பெரிசைத் தள்ளிவிடப் பார்க்கிறானாம், அவருக்கும் பெரிசின் மேல்தான் கண். "அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார்.

போனை வைத்ததும் செல்லக்கண்ணு மனைவியைப் பார்த்தார். "நான் எலி அடிச்சதுகூடக் கெடையாது, புஷ்பா. எலிப்பொறிதான் வச்சிருக்கேன்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம இன்னும் ஒண்ணுகூட முழுசாச் சொல்லல" என்றாள் புஷ்பா. "போயி பாய்கிட்டக் கேளுங்க."

பாய் என்றால் பர்கத்துல்லா. கியாக்டடாவில், சூலே பக்கத்துச் சந்து ஒன்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். மூக்குக்கண்ணாடியும் முகக்கண்ணாடியும் விற்பதால் தங்களை ஒரே ஜாதி என்று சொல்லிக்கொள்வார்கள். செல்லக்கண்ணு பஸ் ஏறிப் போனபோது பாய் கடையில் கரண்டு இல்லை. வழக்கம்போல டீக்கடைக்குப் போய்க் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

செல்லக்கண்ணு "துப்பாக்கி" என்று ஆரம்பித்தார். பாய் அவர் காலை நங்கென்று மிதித்தார்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? இந்த ஊர்ல நாலு டேபிளுக்கு ஒரு தலான் உக்காந்து எவன் என்ன பேசுறான்னு ஆள்காட்டிக்கிட்டு இருக்கான். என்னை உள்ள தூக்கிப் போட்டா என் பேரப்புள்ளைக்கு நீயா கஞ்சி ஊத்துவ?"

"தமிழ்லதானே பேசுறேன்."

"அந்த வார்த்தைக்கு எல்லா பாஷையும் காது குடுக்கும். வேற பேரு வையி."

யோசித்து, துப்பாக்கிக்குக் குடை என்று பேர் வைத்தார்கள். சுடப்படுகிற மானுக்கு மாப்பிள்ளை என்று வைத்தார் செல்லக்கண்ணு. அவருக்கு வேறு எந்தப் பேரும் அப்போது மண்டையில் இல்லை.

"சரி, இப்பச் சொல்லு. மாப்பிள்ளை எவ்வளவு தூரத்துல நிப்பான்?" என்றார் பாய்.

"எழுபது எண்பது கஜம். புதருக்குள்ளேர்ந்து திடீர்னு தலைய நீட்டுவான். அவன் ஓடுறதுக்குள்ள குடையத் தூக்கிச் சுட்டுறணும்."

"அப்ப எதுக்குப் பதினாறு மடங்கு? ஏம்ப்பா, பஸ்ஸுல பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சிய பைனாகுலர் வச்சுப் பாத்திருக்கியா?"

"பைத்தியமா எனக்கு?"

"பாத்தா என்ன தெரியும்? ஒரு மூக்கு ஓட்டை தெரியும். அது யாரு மூக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஆளு எறங்கிப் போயிருவான். இதுவும் அப்படித்தான். பக்கத்துல நிக்கிற மாப்பிள்ளையப் பெரிசாக்கிப் பாத்தா வெறும் ரோமந்தான் தெரியும். தலையா வாலான்னே தெரியாது. மடங்கு கொறையக் கொறையத்தான் பார்வை அகலும். ஒண்ணு, ஒண்ணரை வச்சு ரெண்டு கண்ணையும் தொறந்துக்கிட்டுப் பாக்கச் சொல்லு. சுத்தி இருக்கிற மரம், செடி, பின்னால வேற எவனாவது நிக்கிறானான்னு எல்லாம் தெரியும்."

"விடியக்காலம் மசங்கலா இருக்குமே? பெரிய லென்சு இருந்தாத்தானே வெளிச்சம்?"

"அதுவும் மடங்கப் பொறுத்ததுதான். பதினாறு மடங்கு பெருக்குனா அந்தச் சோப்பு டப்பாவும் இருட்டிப் போகும். ஒண்ணரை மடங்குக்கு அந்த ஒல்லிக் குழாயே தாராளம். கண்ணு கொள்ற வெளிச்சத்துக்கு மேல குடுத்து என்ன பண்ணப் போற?" பாய் ஒரு வாய் டீ குடித்தார். பிறகு விரல்களை விரித்துத் தன் புருவத்துக்கு முன்னால் வைத்துக் காட்டினார். "இன்னொண்ணு. இத மறக்காமச் சொல்லு. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அரைச்சாண் எடம் விடணும். குடை சுடும்போது பின்னால ஒதைக்கும். ஒட்டி வச்சான்னா புருவம் பிஞ்சுரும்."

"அரைச்சாண்" என்று செல்லக்கண்ணு மனப்பாடம் செய்துகொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம்ப்பா. நெசமான வேட்டைக்காரன் எவனாவது முன்னப்பின்னத் தெரியாத ஆளுகிட்ட இதையெல்லாம் கேப்பானா?"

"நான் மான்காரன்னு நம்பிட்டாரு பாய். மனுஷன் நல்ல மனுஷன்."

"நீ கெட்ட கேட்டுக்கு உனக்கும் ஒருத்தன் நம்ப இருக்கான் பாரு."

பக்கத்து மேசையில் வெற்றிலை மென்றுகொண்டு இதுவரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் எழுந்தார். அவரைப் பர்மியர் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அவர் இவர்களிடம் வந்து குனிந்து, சுத்தமான தமிழில், "தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளையக் கொல்லறதுக்கு எதுக்குங்க குடையும் கண்ணாடியும்? பொண்ணக் கட்டி வச்சாப் போதாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருவரும் அதற்குப் பிறகு அங்கே இருக்கவில்லை. டீ பாதியில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கமணி வந்தார். செல்லக்கண்ணு பாய் சொன்னதை ஒன்றுவிடாமல், மூக்கு ஓட்டை உட்பட, சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார். கேட்கக் கேட்கத் தங்கமணியின் முகம் கோயிலில் நிற்பவர் முகம்போல ஆனது.

"கிட்டத்துல இருக்கிறதப் பெரிசாக்காத. ஆகா. எத்தன வருஷ அனுபவம் இருந்தா இந்த வார்த்தை வரும்" என்றார். "ஒண்ணுலேர்ந்து நாலுதான். நாளைக்கே வாங்கிர்றேன்."

"வாங்குங்க. மாட்டும்போது மட்டும் ஒரு விஷயம்" என்று செல்லக்கண்ணு கையைத் தூக்கிப் புருவத்துக்கு முன்னால் கொண்டுபோனார்.

"அது இருக்கட்டும் சம்பந்தி. நீங்க கொண்டாந்த மான் ஒண்ணையாவது எனக்குக் காட்டுங்களேன். கொம்பு, தோலு, ஏதாச்சும் மாட்டி வச்சிருப்பீங்கள்ல?"

தூக்கிய கை அப்படியே நின்றது. புஷ்பாவுக்குக் கிள்ளவும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து, வந்து சேர்ந்த வரனுக்கு வாழ்த்து வாங்கிப் போகலாம் என்று சொர்ணம்மாள் கடைக்குள் நுழைந்தாள். சனியன் எப்போது வரும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பான், சொர்ணம்மாளுக்கு அதுவும் கிடையாது.

"மானக் காட்டுறதுக்கு என்ன வெக்கம்? குடுங்க இப்படி" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு கடையைச் சுற்ற ஆரம்பித்தாள். "இந்தா பாருங்க, இது ஆறடி மான். இது தேக்கு பிரேம் போட்ட மான். இது பாத்ரூம் மான், ஆவி படியாது. இது நேத்து வண்டியிலேர்ந்து எறக்கும்போது ஒடஞ்ச மான், மூலையில கெடக்கு."

"எங்கம்மா மான்? கண்ணாடிதானே தெரியுது."

"கண்ணாடிதாங்க மான். எங்க ஊர்ல அதுக்கு அதான பேரு."

 கடையில் இருந்த எல்லா மானிலும் செல்லக்கண்ணு நின்றார், எல்லா மானிலும் கையைப் புருவத்துக்கு முன்னால் வைத்தபடி.

"சம்பந்தி கிட்ட போனக் குடுங்க" என்றார் தங்கமணி. குரலில் இனிப்பு இல்லை. செல்லக்கண்ணு வாங்கினார். "நான் துப்பாக்கியத் தூக்கிக் காட்டுறேன். நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா நான் எந்த மானச் சொல்றேன்னு?"

இந்த இடத்தில் செல்லக்கண்ணு இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொர்ணம்மாள் தலையில் கட்டியிருக்கலாம், அவளும் அதற்கு முழுத் தகுதி உள்ளவள்தான். அவருக்கு அலுத்துவிட்டது.

"மொதல்ல தெரியாதுங்க. நடுவுல தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எம்பொண்ணு இங்கேர்ந்து வெளிய போகணும். வேற ஒண்ணும் இல்ல. பேரு எழுதிட்டுப் போயிட்டாங்க. எப்ப வருவாங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மான் இல்ல, நான் யானை அடிச்சவன்னு நீங்க நம்பியிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மான்கடையில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுற்றிலும் கண்ணாடி இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது லேசான வேலை இல்லை, ஆனாலும் செய்தார்கள். சொர்ணம்மாள் மட்டும் அசரவில்லை. "மான மான்னு சொல்லாம மாடுன்னா சொல்லுவாங்க? அந்த மனுஷன் பாஷை தெரியாம இருந்தா நான் என்ன பண்ணுவேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பவானி ஒருநாள் கடைக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்தால் பர்மியத்திலும், இரக்கமாக இருந்தால் தமிழிலும் பேசுவது அவள் வழக்கம். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"பாலா அவங்கப்பாகூடப் பேசல. அவரு துப்பாக்கி எடுத்துட்டுக் காட்டுக்குப் போயிட்டாராம்."

"கோவமா போனாரா?"

"புது ஸ்கோப் மாட்டிக்கிட்டுப் போனாராம்."

"எது?"

"நீங்க சொன்னதுதான். ஒண்ணு டு நாலு."

செல்லக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். சண்டை போட்டுப் போனை வைத்த மனுஷன், தான் சொன்னதை ஏன் வாங்குகிறார் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "அய்யய்யோ" என்றார். "அரைச்சாண் சொல்லலியே."

சாயங்காலம் தங்கமணியே கூப்பிட்டார். இடது புருவத்துக்கு மேல் பிறை மாதிரி வளைந்த பிளாஸ்திரி. அதற்குக் கீழே கண் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"தையல் போட்டிருக்கு. போட்டது என் மகன். போடும்போது சிரிச்சான்" என்றார் தங்கமணி. "கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் எவ்வளவு எடம் விடணும் சம்பந்தி?"

"அரைச்சாண்."

"இத முன்னாலயே சொன்னா என்ன?"

"சொல்லக் கையத் தூக்குனேன். நீங்க மானக் காட்டுன்னுட்டீங்க. அப்புறம் வச்சுட்டீங்க."

தங்கமணி பின்னால் திரும்பி, சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நெசமான வேட்டைக்காரனா இருந்தா எனக்கே இது தெரிஞ்சிருக்கும்ல?"

 பாய் கேட்ட சந்தேகம் செல்லக்கண்ணுவின் காதில் ஓடியது.

"வருஷக்கணக்காப் போறேன். இதுவரைக்கும் ஒண்ணு சுட்டதில்ல. இருமுவேன், ஓடிரும். சுள்ளிய மிதிப்பேன், ஓடிரும். வர்ற வழியில கறிக்கடையில மான் கறி வாங்கிப் பெட்டில போட்டுக்குவேன். மேல ஒட்டியிருக்கிற விலைச்சீட்டக் கிழிக்கிறதுதான் நம்ம வேட்டை. இத்தன வருஷமா என் பொண்டாட்டி அதச் சாமிகிட்டப் பாவமன்னிப்புக் கேட்டுக்கிட்டே சமைக்கிறா." தங்கமணி கண்ணைத் துடைக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்தார். "நெசமான மான்காரரு ஒருத்தரு சம்பந்தியா வந்தா ரகசியமா கத்துக்கலாம்னு இருந்தேன். நீங்க இப்படி ஏமாத்திட்டீங்க."

"மன்னிச்சுக்கங்க."

"என்னத்த மன்னிக்கிறது? நான் புளுகுனது என் பவுசுக்கு. நீங்க புளுகுனது புள்ளைக்கு. அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரல. அதான் வச்சேன். கோவத்துல இல்ல." மூக்கை உறிஞ்சினார். "பாலாவ அடுத்த மாசம் அனுப்புறேன். கல்யாணத்த முடிங்க. காகிதமெல்லாம் சீக்கிரமாப் பாப்போம். பொண்ணு இங்க வந்து சேரட்டும்."

புஷ்பா கிள்ளினாள். சந்தோஷத்திலும் அவளுக்குக் கிள்ளத்தான் தெரியும்.

பாலா வந்தான், அம்மன் கோயிலில் தாலி கட்டினான், திரும்பிப் போனான். கல்யாணத்தில் சொர்ணம்மாள் முதல் பந்தியில் உட்கார்ந்து, எல்லாம் தன் வாய் சாமர்த்தியம் என்றாள். யாரும் மறுக்கவில்லை, ஒரு வகையில் அது உண்மை. சில மாதங்கள் கழித்து விசா வந்தது.

ஏர்போர்ட்டுக்குப் பாயும் வந்தார். வழியனுப்ப வந்தவர்களை ஓர் எல்லைக்கு மேல் விடவில்லை. பவானி புஷ்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் வந்து, "அப்பா, உடம்பப் பாத்துக்கங்க" என்று தமிழில் சொன்னாள். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு, தரையிலிருந்து கூரை வரைக்கும் நின்ற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள்.

செல்லக்கண்ணு கிட்டே போய் விரல் கணுவால் அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டு மில்லி. நல்ல சரக்கு" என்றார். "ஒரு சத்தம் கேக்காது."

அந்தப் பக்கம் பவானி ஏதோ சொன்னாள். வாய் அசைவது தெரிந்தது. அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். காலமெல்லாம் கடைக்கு வருகிறவர்களைக் கை வைக்காதே, அழுக்காகும் என்று திட்டியவர். சிப்பந்தி ஒருவன் வந்து நகரச் சொன்னான். நகரவில்லை. பவானி வரிசையில் சிறிசாகிக்கொண்டே போனாள், முதுகுப் பை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

"பாய்" என்றார் செல்லக்கண்ணு. கண்ணீர் தாடையில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. "கிட்டத்துல பாக்கறதுக்குச் சொன்ன. தூரத்துக்கு எது நல்லது?"

"எவ்வளவு தூரம்?"

செல்லக்கண்ணு பவானி மறைந்த கண்ணாடியைக் காட்டினார்.

பர்கத்துல்லா அவர் கையைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினார். "கரண்டு வர்ற நேரம் பாத்துப் போன சார்ஜ் போட்டு வையி" என்றார். "அதவிட நல்லது எங்கிட்ட இல்ல."

கண்ணாடியில் செல்லக்கண்ணுவின் கைத்தடம் கொஞ்ச நேரம் இருந்தது. சிப்பந்தி வந்து துணியால் துடைத்துவிட்டுப் போனான்.